ரோசலின் என்று ஒருத்தி

சிவமயம்

டத்தோ கிராமட், பினாங்கு
சுபானு வருஷம் மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

என்றும் என் நெஞ்சில் இருக்கும் கனகேஸ்வரி அக்காவுக்கு, தங்கை வள்ளிநாயகி வணங்கி எழுதுவது.

பிள்ளையார் கிருபையால் நானும் பிள்ளை யோகமும் உயிரோடு இருக்கிறோம். உங்கள் காய்ச்சல் விட்டதா? அத்தான் காலமான பிறகு கெப்பாலா பத்தாஸில் தனியே கிடக்கிறீர்களே என்று நினைக்காத நாளில்லை. இதைக் கொண்டு வருபவர் பக்கிரிசாமி. உங்கள் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கு வாங்கி, கடல் தாண்டி வந்து இங்கே பாசாரில் விற்பவர். நம்பலாம். தபாலில் போட்டால் எத்தனை பேர் பிரித்துப் படிப்பார்களோ. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன் எப்படியாவது நீங்கள் இங்கே வர வேண்டும். யோகம் சயாமுக்குப் போகப் பெயர் கொடுத்துவிட்டாள். ரயில் பாதை வேலைக்காரருக்கு ஆடிப் பாடிக் காட்ட ஜப்பான்காரர் ஒரு கோஷ்டி சேர்க்கிறார்களாம். முன்பு நாடகக் கொட்டகையில் டிக்கெட் கிழித்த வேலு என்பவன்தான் ஆள் பிடிக்கிறான். பிடில் வாசிக்கத் தெரிந்த பெண் என்றதும் அவனுக்கு வாயெல்லாம் பல். "பயப்படாதீங்கம்மா, ராணி மாதிரி கொண்டுபோய் ராணி மாதிரி கொண்டாந்து விடுறேன்லா" என்றான். போன மாதம் இப்படிப் போன இரண்டு பெண்களைப் பற்றி இதுவரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை பிறை ஸ்டேஷனில் வண்டி.

அவள் ஏன் போகிறாள் என்று கேட்பீர்கள். தகப்பனைத் தேடிப் போகிறாள். அவளுக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தவள் ரோசலின். ரோசலின் யார் என்று சொல்ல வேண்டுமென்றால் கலண்டரிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டுப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். காலையில் சுவாமி கும்பிட்டுத் திருநீறு பூசியதும், இவர் நாள் கலண்டரின் தாளைக் கிழித்து, அடியில் அச்சடித்திருக்கும் பெரியவர் வாக்கை உரக்க வாசிப்பார். ஓவியர், சிற்பி, சங்கீத வித்துவான், கவிராயர் என்று நாளுக்கு ஒருவர். வாக்கு, சொன்னவர் பெயர், பிறந்த வருஷம், மறைந்த வருஷம். அதன் பிறகுதான் தேத்தண்ணீர். யோகம் பிடில் பிடிக்கத் தொடங்கியதும் அதைக் கேட்டுத்தான். கிழித்த தாள்களை நான் எறிவதில்லை. பின்பக்கம் வெறுமையாக இருக்கும், வீட்டுக் கணக்கு எழுத உதவும்.

ஜப்பான்காரன் வந்த பிறகு கலண்டர் ஏது? சென்ற வருஷம் துறைமுகத்துக் கிராணிமாரில் சிலரைக் கணக்கு எழுதவென்று சயாமுக்கு ஏற்றியபோது இவரையும் ஏற்றினார்கள். அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த பிள்ளை எழும்பவில்லை. பேச்சில்லை. கஞ்சியை வாயில் வைத்தால் வழியவிடுவாள். பிடில் பெட்டியில் கரப்பான் குடியேறிவிட்டது. திருநீறு போட்டேன், நேர்த்தி வைத்தேன், திட்டியும் பார்த்தேன்.

ஒரு நாள் காலை பழைய தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கண் முன்னால் இருந்தது கணக்குப் பக்கம். உப்பு, தேங்காய், விளக்கெண்ணெய். ஆனால் வாய் வேறொன்றை வாசித்தது. "உளி மழுங்கினால் தீட்டலாம். கை மழுங்கினால் கல் என்ன செய்யும்?" என்றேன். யோகம் திரும்பினாள். "ஆரம்மா சொன்னது?" என்று கேட்டாள். அத்தனை நாளில் அதுதான் முதல் பேச்சு. இத்தாலி தேசத்துச் சிற்பி ஒருவர் என்று சொன்னேன். எனக்கு எந்தச் சிற்பியைத் தெரியும், அக்கா? அம்மி கொத்துகிறவனைத்தான் தெரியும். அவன்தான் இதுபோல ஏதோ சொல்வான்.

அன்று அவள் கஞ்சி குடித்தாள். மறுநாளும் ஒரு பெரியவர் தேவைப்பட்டார். நான் கொடுத்தேன்.

சில நாள் கழித்து, "ஏனம்மா எல்லாரும் ஆம்பிளையள்? பொம்பிளை ஒருத்தியும் ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டாள். அடுக்கில் பழைய பிஸ்கட் டின் இருந்தது. அந்த மாதிரி டின்களில் எழுத்துக் கூட்டித்தானே நான் இங்கிலீஷ் பழகினேன். அதில் ரோசலின் என்றிருந்தது. ரோசலின் என்று ஒருத்தி இருந்தாள், பனி பெய்யும் தேசம், பிடில் வாசிப்பதில் பெயர் பெற்றவள் என்று சொன்னேன். விடிய எழுந்து முற்றம் கூட்டி, ஈர விறகை ஊதி அடுப்பு மூட்டி, அதற்குப் பிறகுதான் பிடிலைத் தொடுவாளாம். "பனி பெய்யிற ஊரிலை முற்றம் கூட்டுவினமோ?" என்று யோகம் மடக்கினாள். "பனியைத்தான் கூட்டுவாள்" என்றேன். பிள்ளை சிரித்தாள். சிரித்துவிட்டுப் போய் முற்றத்தைக் கூட்டினாள். மாலையில் பெட்டியைத் திறந்து கரப்பானைத் தட்டிவிட்டுத் தந்திகளை முறுக்கினாள்.

இப்படியே வந்தது. ரோசலின் சொன்னால் கேட்பாள், நான் சொன்னால் கேட்க மாட்டாள். "பசியோடு வாசித்தவளின் கை நடுங்கலாம், காது நடுங்கக் கூடாது" என்று ரோசலின் சொன்னதால் ஊபிக் கிழங்கை முகம் சுளிக்காமல் தின்றாள்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

தை மாதம் பிச்சைமுத்து என்பவர் வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், இவரோடு அதே வண்டியில் சயாமுக்குப் போனவர். காலில் புண் அழுகியதால் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். யோகம் கிணற்றடியில் இருந்தாள். அவர் வாசலுக்குள் வராமல் படியில் நின்று, "அம்மா, கிராணி ஐயா ஐப்பசியிலேயே போயிட்டாருங்க. பேதி. நாங்க நாலு பேருதான் எரிச்சோம். மூங்கிலுக்குப் பஞ்சமில்ல, நல்லா எரிஞ்சிச்சு, அந்தக் கவலை உங்களுக்கு வேணாம்" என்றார். நான் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன். சீனி இல்லை என்று சொன்னேன். பரவாயில்லை என்றார். அவர் போன பிறகு கிழங்கு வெந்துவிட்டது, இறக்கி வைத்தேன். அழுகை வரும் என்று இருந்தேன். வரவில்லை. இன்னும் வரவில்லை, அக்கா. விரல் மரத்துப் போனால் ஊசி குத்தினாலும் தெரியாதே, அப்படி இருக்கிறது.

யோகத்திடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். இந்த முறை அவள் உடம்பில் அதற்குப் பலமில்லை. அதனால் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் அவள் பக்கத்தில் நிற்க, ஐயர் இவர் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்கிறார். சொல்கிறேன். நீண்ட ஆயுள் வேண்டி அர்ச்சனை செய்து தருகிறார். வாங்கிக்கொள்கிறேன். அந்தியேட்டிக் கிரியை செய்ய வேண்டிய நாள் எப்போதோ கழிந்துவிட்டது. ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் இவருக்கு இல்லை.

பிச்சைமுத்து வந்து போனதற்கு மறுநாள் காலை யோகம் தாளுக்காகக் காத்திருந்தாள். நான் பழைய தாள் ஒன்றை எடுத்தேன். ஏதோ சொன்னேன். யுத்தத்தில் ரோசலினின் தகப்பனைப் பிடித்துப் போய்ப் பாளையத்தில் அடைத்தார்கள், இவள் பிடிலோடு நடந்து போய் வாசலில் நின்று வாசித்தாள், மகளின் வாசிப்பை அடையாளம் கண்டு தகப்பன் கதவைத் தாண்டி வந்தான் என்று சொன்னேன். பிள்ளைக்காகவா அதைச் சொன்னேன்? என் காதுக்கு அப்படி ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது. அவள் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கிழமையே வேலுவிடம் பெயர் கொடுத்தாள்.

ரோசலின் இல்லை என்று சொன்னேன். நம்பவில்லை. "நான் போகக் கூடாதெண்டு இப்ப பொய் சொல்லுறியள்" என்கிறாள். கதவைப் பூட்டினால் ஜன்னல் இருக்கிறது. அவளை நிறுத்த ஒரு சொல்தான் உண்டு. அந்தச் சொல் என் வாயில் வருவதில்லை. நீங்கள் மூத்தவர், அத்தானை வழியனுப்பியவர். நீங்கள் வந்து சொன்னால் அவள் தாங்குவாள். புதன்கிழமைக்குள் வந்துவிடுங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
வள்ளிநாயகி


சிவமயம்

பினாங்கு
அதே மாசி மாதம், சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களால் தலை தூக்கவே முடியவில்லை என்றும், கடிதத்தை அயல்வீட்டார் வாசித்துக் காட்டியதும் வாசல் படலை வரை நடந்து வந்து விழுந்துவிட்டீர்கள் என்றும் பக்கிரிசாமி புதனன்று வந்து சொன்னார். கொய்னா மாத்திரை கிடைக்காவிட்டால் வேப்பம்பட்டையாவது அவித்துக் குடியுங்கள். வர முடியாமல் போனதற்கு வருந்த வேண்டாம். அது நான் செய்ய வேண்டியதாகத்தான் இருந்தது போலும்.

வியாழன் இரவு பிடில் பெட்டியைக் கயிற்றால் கட்டி வாசலருகே வைத்துவிட்டுப் படுத்தாள். வெள்ளி விடிய நான் குளித்துச் சுவாமி கும்பிட்டேன். அவளும் வந்து கும்பிட்டாள். மறுப்புச் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். போகும் நாளில்கூடத் தாள் வாசிக்காமல் போக அவளுக்கு மனமில்லை. "இண்டைக்கு ஆரம்மா?" என்றாள். ரோசலின் பெயரைச் சொல்வேன் என்று அவள் காத்திருப்பது முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

ஒரு தாளை எடுத்தேன். "பிள்ளை பிழையாய் வாசித்தாலும் கதவைச் சாத்தாதே. தெருவும் கேட்கட்டும்" என்று வாசித்தேன். பிடில் வாங்கி வந்த முதல் கிழமையில், சத்தம் பொறுக்காமல் நான் கதவைச் சாத்தப் போனபோது இவர் சொன்னது.

அவளுக்கு நினைவு வந்துவிட்டது. "இது அப்பா சொன்னதெல்லே" என்றாள். சிரிப்புக்கூட வந்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பிறகு முடியாது. கலண்டரில் போடுகிற முறையிலேயே வாசித்தேன். சொன்னவர் கனகசுந்தரம். துறைமுகக் கிராணி. பிறந்த ஊர் காரைநகர், பிறந்த வருஷம் ஹேவிளம்பி. மறைந்தது சுபானு வருஷம் ஐப்பசி மாதம், சயாம் தேசம்.

பக்கத்து வீட்டில் சேவல் கூவிக்கொண்டே இருந்தது. யோகம் கையை நீட்டினாள். "தாளைத் தாங்கோ" என்றாள். கொடுத்தேன். உப்பு, தேங்காய், விளக்கெண்ணெய் என்று எழுதியிருப்பதைப் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள். "ரோசலினும் இப்பிடித்தானோ?" என்றாள். ஓம் என்றேன். "அந்தச் சிற்பியும்?" ஓம் என்றேன்.

தாளை மடியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, கெஞ்சுவது போல, "அப்ப இதுவும் இப்பிடித்தானே அம்மா? இதுவும் நீங்கள் சொல்லுறதுதானே?" என்று கேட்டாள்.

அக்கா, ஓம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நாள்தோறும் சொன்னவள்தானே. அன்று முடியவில்லை. "இல்லை பிள்ளை. இதை நான் செய்யேல்லை" என்றேன்.

வேலு சைக்கிளில் வந்து மணி அடித்தான். யாரும் போகவில்லை. வண்டிக்கு நேரமாச்சு, இப்படி ஏமாத்தலாமா, ஜப்பான் துரைக்கு நான் என்ன பதில் சொல்றது என்று தெருவில் நின்று கத்தினான். பிறகு வேறு வீட்டுக்குப் போய்விட்டான். அந்த வீட்டுப் பெண் போயிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிறேன்.

யோகம் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. படுக்கவும் இல்லை. சமையலறை நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். கஞ்சி கொடுத்தேன், குடித்தாள். ருசி தெரிந்து குடித்ததாகத் தெரியவில்லை. எனக்கும் உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. பெட்டியின் கயிற்றை அவளும் அவிழ்க்கவில்லை, நானும் அவிழ்க்கவில்லை. இன்று காலை சுவாமி கும்பிட்ட பின் இருவரும் வழக்கம்போல உட்கார்ந்தோம். நான் தாள் எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. எழுந்து தேத்தண்ணீர் வைத்தேன்.

பொட்டை அழித்துவிட்டேன். கண்ணாடி பார்க்காமலே கை தானாக அந்த இடத்துக்குப் போனது. வெள்ளைச் சேலை என்னிடம் இல்லை, இந்த நாளில் துணிக்கு எங்கே போவேன்? காய்ச்சல் விட்டு உடம்பு தேறியதும் வாருங்கள். உங்களுடையதில் பழையது ஒன்று கொண்டு வாருங்கள். கிழிந்திருந்தாலும் தைத்துக்கொள்வேன். எள் கொஞ்சம் கிடைத்தால் அதுவும்.

வந்து யோகத்தோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். என்ன சொல்வதென்று யோசிக்க வேண்டாம். பெரியவர் யாரோ சொன்னது என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்களே சொல்லுங்கள்.

பிள்ளையார் உங்கள் காய்ச்சலை இறக்கி, படலைக்கு இப்பால் உங்களை நடத்தி வரட்டும். நாங்கள் கதவைச் சாத்தவில்லை.

உங்கள் தங்கை
வள்ளிநாயகி