மறுபடி வைக்க வேண்டிய பெயர்

கோட்டைக்குள், திருவனந்தபுரம்
24 பிப்ரவரி 1946

சிரஞ்சீவி சுந்தரராமனுக்கு அப்பா அனேக ஆசீர்வாதம். நானும் அம்மாவும் சௌக்கியம். மலேயாவிலிருந்து நீ சௌக்கியம் என்று எழுதியதை உன் கையெழுத்திலேயே படித்த பிறகுதான் நாங்களும் சௌக்கியம் என்று சொல்லும்படி ஆயிற்று. உன் தங்கை ஜெயலக்ஷ்மிக்கு இரண்டாவதும் பெண், உன்னைப் போலவே சதா பசி.

போன கடிதத்தில் மறைக்காமல் எழுதினேன், அது உன்னைச் சுட்டுவிட்டது. கப்பல் முழுகி நீயும் போய்விட்டாய் என்று பினாங்கிலிருந்து தப்பி வந்தவர் சத்தியம் செய்ததை நம்பி, போன வருஷம் தர்ப்பையில் ஆள் செய்து, உன் பெயரைச் சொல்லி, நானே கொள்ளி வைத்தேன். அம்மா வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. கர்மம் இல்லாமல் பிள்ளை அலையக் கூடாதே என்ற பயம் எனக்கு. எரித்த பிறகு அங்கே வரப் போகிறவன் யார், இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாதம் இறங்கவில்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, பழைய ஆபீஸ் சிநேகிதர் ஐயப்பன், சாமி ஒண்ணு வெளியே இறங்கணும் என்று தம் மலையாளத் தமிழில் சொல்லி, நேற்று மாட்டினிக்கு இழுத்துக்கொண்டு போனார். இங்கிலீஷ் படம். கடலில் செத்த மாலுமி ஒருவனை விஞ்ஞானி மின்சாரம் பாய்ச்சி எழுப்புகிறான். அவன் ஊருக்குப் போனால் அங்கே அவன் பெயர் வெட்டிய கல் நிற்கிறது, எல்லோரும் பயந்து கதவைச் சாத்துகிறார்கள். திரும்பி வந்து, நான் கல்லுக்குக் கீழே இருப்பவனா, உங்கள் மேஜையில் எழுந்தவனா என்று விஞ்ஞானியைக் கேட்கிறான். விஞ்ஞானிக்குத் தெரிந்தது நோட்டுப் புத்தகத்தில் அவனுக்குப் போட்ட நம்பர் மட்டும். கொட்டகையே சிரித்தது. நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் கதையைச் சொன்னேன். அம்மா அரிசி களைந்தபடியே, நீங்க எரிச்சது தர்ப்பையை, எம் பிள்ளையை இல்லே என்றாள். பழவங்காடிப் பிள்ளையாருக்கு மாசாமாசம் அவள் உன் பேரில் புஷ்பாஞ்சலி செய்துவருவது அப்போதுதான் தெரிந்தது. பெயரும் நக்ஷத்திரமும் கேட்டுத்தானே செய்வார்கள், உயிரோடிருப்பவர்களுக்குத்தானே. கர்மம் முடிந்த மாசமும் சுந்தரராமன், உத்திராடம் என்று சொல்லியிருக்கிறாள். ஆகவே உன் பெயர் இந்த ஊரில் ஒரு மாசமும் விட்டுப் போகவில்லை. விட்டவன் நான்தான்.

சாஸ்திரிகளைக் கேட்டேன். கர்மம் ஆனவன் திரும்பி வந்தால் பிறந்த குழந்தையாகவே வைத்து, ஜாதகர்மத்திலிருந்து பூணூல் வரை மறுபடி செய்ய வேண்டுமாம். இருபத்தெட்டு வயசுக் குழந்தைக்குத் தொட்டில் எந்த ஆசாரி பண்ணுவான் என்று அம்மா கேட்கிறாள். உனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாவிட்டால் மற்றதை விட்டுவிடலாம், ஊர் பேசினால் பேசட்டும். நாமகரணம் ஒன்றுக்கு மட்டும் சம்மதி. அதில் குழந்தையின் வலது காதில் தகப்பன்தான் மூன்று தரம் பெயரைச் சொல்ல வேண்டும். நெருப்புக்கு முன்னால் நான் சொன்ன பெயரை உன் காதில் சொன்னால்தான் என் வாய் சுத்தமாகும்.

மலேரியாவுக்குச் சாப்பிடும் கொயினாவை நிறுத்தாதே. கப்பல் ஏறும் தேதியை அம்மாவுக்குத் தனியாக எழுது. தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
வேறு பெயர் யோசிக்காத உன் அப்பா
வெங்கடசுப்ரமணியன்