மேலே மூன்று அடி

ஆமத்தூர்
12.11.2006

அன்பு மகன் முனியராஜுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், என் இடது முழங்கால் ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் அந்த மஸ்கட் வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்பியிருக்கிறோம். உன் கடிதம் தீபாவளிக்கு மூன்றாம் நாள் கிடைத்தது. தை மாதம் அக்ரிமென்ட் முடிகிறது, இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டால் இந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் காங்கிரீட் வீடு கட்டிவிடலாம், கார்த்திகைக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். வாசித்துக் காட்டியதும் அம்மா எழுந்துபோய் உடைந்த ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். போன லீவில் நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காரை பெயர்ந்து உன் தட்டிலேயே விழுந்ததே, அதிலிருந்துதான் உனக்கு இந்த எண்ணம் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் அவளே, "இந்த வீடுதான் அவன அங்கன பிடிச்சு வச்சிருக்குன்னா வீட்ட நாமளே சரி பண்ணிப்புடுவோம்" என்றாள்.

தீபாவளி முடிந்து அவளுடைய பட்டாசுக் கம்பெனிக்கு ஒரு மாதம் லீவு, நானும் பிரஸ்ஸில் வேலை முடிந்து வந்ததும் கூடச் சேர்ந்துகொண்டேன். கூரைக்கு மட்டும் ஓர் ஆளை ஏற்றி உடைந்த ஓடுகளை மாற்றி அடுப்படிக்கு மேலே இரண்டு கண்ணாடி ஓடு போட்டோம், இப்போது பகலில் லைட் தேவையில்லை. உப்புப் பூத்த சுவரை இடுப்பு உயரத்துக்குச் சுரண்டி, உட்கார்ந்தபடியே நானே சிமெண்ட் பூசினேன். அதற்கு மேலே பெயிண்ட் அடிக்க நமக்குக் கட்டுப்படியாகாது, அதனால் பிரஸ்ஸில் கலர் விலகிப்போன காலண்டர் தாள் ஒரு கட்டுக் கேட்டேன், முதலாளி காசிராஜன் சும்மாவே கொடுத்துவிட்டார். கால் நீட்டிப் படுக்கிற இடத்தில் சாமிப் படம் கூடாது என்று அம்மா சொன்னதால் அருவிப் படமாக எடுத்துவந்தேன். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சினாள். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டிப் பழகிய கை அல்லவா, ஒரு குமிழ் இல்லாமல் ஒட்டினாள், எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு சுவர் முழுக்க முடிந்த பிறகு பக்கத்து வீட்டு வேலுத்தாய் வந்து கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "என்னக்கா, பாதித் தண்ணி கீழயிருந்து மேல போகுது" என்றாள். வெட்டாத தாளில் நான்கு படம் இருக்கும், இரண்டு நேராகவும் இரண்டு தலைகீழாகவும் அடித்திருப்பார்கள். இருபத்திரண்டு வருடம் கட்டிங் மெஷினில் அதையே பார்த்த என் கண்ணுக்கு அது தப்பாகவே தெரியவில்லை, அம்மாவோ குமிழ் விழாமல் ஒட்டுவதிலேயே குறியாக இருந்துவிட்டாள். "தாள் வெட்டுற ஆளக் கட்டிக்கிட்டதுக்கு நல்லாத்தான் செஞ்சிருக்கீக" என்று அம்மா சிரித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். மற்ற சுவர்களுக்கு வெட்டி நேராக ஒட்டினோம், அந்தச் சுவரை மட்டும் நீ வந்து சிரிக்கட்டும் என்று விட்டுவைத்தோம். அவளுடைய பழைய சுங்குடிச் சேலை இப்போது ஜன்னல் திரை. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. வியாழக்கிழமை பெய்த மழைக்கு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை, நடுவீட்டில் உட்கார்ந்து இருவரும் காப்பி குடித்தோம். வீடு நன்றாக இருக்கிறதப்பா, நிஜமாகவே நன்றாக இருக்கிறது.

மற்றச் சுவர்களைவிட உயரமான மேற்குச் சுவரில் மேலே மூன்று அடி மட்டும் பாக்கி. என்னை ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அம்மாவுக்கு ஸ்டூல் போட்டாலும் எட்டாது. எதிர்வீட்டுச் சீனிச்சாமி, ஒரு மணி நேர வேலைதானே, நான் ஒட்டித் தருகிறேன் என்று தானாகவே வந்தான். அம்மா அவனுக்குக் காப்பி கொடுத்து, "அது எம்மகன் ஒசரத்துக்கு விட்டிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். உன் சம்பாத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. உன்னைப் போல மெஷின் ரிப்பேர் தெரிந்த ஆளுக்குச் சிவகாசி பிரஸ்களில் வேலை இருக்கிறது, விசாரித்துவிட்டேன். எங்களுக்குக் காங்கிரீட் வீடு வேண்டாம், நீ இல்லாத வீட்டில் நாங்கள் இருந்தது போதும். கையெழுத்துப் போடாதே.

நோய் நொடி இல்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். பதில் உடனே எழுது. அந்த மூன்று அடிக்குத் தாளைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறோம், மைதாவும் வாங்கியாகிவிட்டது. தை தாண்டினால் வண்டு பிடித்துவிடும் என்று அம்மா உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
ச. முத்துக்கருப்பன்