பார்தியின் பண்ணையைத் தாண்டிக் குதித்த அம்புக்குறி

ஜனவரி 14, 2006, சனி

ஊராரைக் கேலி செய்து விருந்தில் போடும் படம் ஒருவழியாக முடிந்தது. தோரி மாதத்து நடுக்குளிர் விருந்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று ஊர்க்கூடத்து டிவிடி பிளேயரில் போட்டுப் பார்த்தால் 'டிஸ்க் இல்லை' என்கிறது. உள்ளேதானே இருக்கிறது, கழுதையே! வீட்டுக் கணினியில் அருமையாக ஓடியது. விருந்துக் குழுத் தலைவி டீசா பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏம்ப்பா ஊல்வர், ஆட்டுக்கு மருந்து ஊத்துற கைக்கு இதெல்லாம் தேவையா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 16

வெற்று டிஸ்கில் இரண்டு ரகமாம். பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று. கூடத்துக் கிழட்டு மெஷின் மைனஸை மட்டும்தான் தின்னும். நான் வாங்கி அடுக்கியிருப்பதெல்லாம் பிளஸ். ஒரே வட்டம், ஒரே ஓட்டை, உள்ளுக்குள் பங்காளிச் சண்டை. எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ.

ஜனவரி 19

தலைநகர் ரேக்யவிக் போகும் பால் லாரிக்காரரிடம் சொல்லி மைனஸ் வாங்கினேன். ஓடியது. பாதியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. மேலே நான் ஒட்டிய அழகான காகித லேபிள்தான் வினை. ஒரு பக்கம் கனத்து டிஸ்க் ஆடுகிறது. பிய்க்கப் போனால் டிஸ்கின் தோலும் கூடவே வந்துவிட்டது. கிணறு வெட்டப் பூதம்.

ஜனவரி 22

லேபிள் இல்லாமல், மெதுவான வேகத்தில் எழுதியது நன்றாக ஓடுகிறது. மெனுவில் டீசா வரைந்த பள்ளத்தாக்கின் வரைபடம். பண்ணை எங்கே இருக்கிறதோ அங்கேயே அதன் பொத்தான். அழுத்தினால் அந்த வீட்டாரைப் பற்றிய கேலிக் காட்சி ஓடும். கணினியில் மவுஸால் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரி.

பார்தியின் பொத்தானை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்தினேன். பக்கத்துப் பண்ணைக்காரன். கோடையில் வேலிக் கதவைத் திறந்து போட்டது யார் என்று கத்திக்கொண்டதோடு பேச்சு நின்றது. அந்தச் சண்டையையே எடுத்திருக்கிறேன். அவனாகவும் நானே, நானாகவும் நானே. இரண்டு முட்டாள்களும் கத்திக்கொண்டிருக்க, பின்னால் ஆடுகள் வயலையே மேய்ந்து முடிக்கின்றன. பார்த்தால் சிரிப்பான். சிரித்தால் பேசிவிடுவான். வாய்விட்டுச் சமாதானம் கேட்க எனக்கு வராது. இதுதான் வரும்.

ஜனவரி 28, விருந்து

எழுதப் பிடிக்கவில்லை.

ஜனவரி 29

ஆட்கள் பண்ணைப் பெயரைக் கூவக் கூவ, டீசா ரிமோட்டால் அங்கே போனாள். எங்கள் பண்ணை வரை ஒழுங்காக வந்தது. அங்கிருந்து கீழே அழுத்தினால் பார்தி வீடு வரவேண்டும். அம்புக்குறி அதைத் தாண்டிக் குதித்துத் தேவாலயத்தில் போய் நின்றது! மேலே அழுத்தினால் திரும்ப எங்கள் வீடு. கீழே — தேவாலயம்.

"என்னப்பா, பார்தி வீட்டைப் பனி மூடிடுச்சா?" என்று யாரோ கேட்க, கூடமே சிரித்தது. நான் ரிமோட்டைப் பிடுங்கி அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். ம்ஹூம்.

இந்த விருந்தில் கேலிக்கு ஆளானவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போவான். விடுபட்டவனுக்குத்தான் அவமானம். பார்தி சுட்ட ஆட்டுத்தலையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். "விடு டீசா. கேலி பண்ணக்கூட நான் லாயக்கில்ல போல." என்னைப் பார்க்கவில்லை. அவன் மனைவி ஃப்ரீதா பார்த்தாள். ஐயோ, அந்தப் பார்வை. வேணும்னே செஞ்சேன்னுதானே நினைச்சிருப்பா? ஊரே அப்படித்தானே நினைக்கும்? ரிமோட்ல ஒரு தடவை போட்டுப் பாத்துத் தொலைச்சிருந்தா என்ன?

பிப்ரவரி 1

கண்டுபிடித்துவிட்டேன். வரைபடத்தில் எங்கள் இரண்டு பண்ணைகளும் ஒட்டி ஒட்டி இருப்பதால் பொத்தான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒரு நூல் ஏறியிருக்கின்றன. மவுஸுக்கு அது பொருட்டே இல்லை. ரிமோட்டுக்கு வழி தெரியாமல் போகிறது. என் மனைவி சுன்னேவா எட்டிப் பார்த்தாள். "டிவியிலயும் அவங்க நிலத்துல கால் வெச்சிட்டியா?"

பிப்ரவரி 2

பொத்தான்களைத் தள்ளி வைத்தேன். ரிமோட்டிலேயே எல்லாத் திசையிலும் போய்ப் பார்த்தேன். போகிறது. புது டிஸ்கை அவன் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 4

ஒரு சத்தமும் இல்லை.

பிப்ரவரி 5

தொலைபேசியில் பார்தி. "உன் டிஸ்க் ஓடல." ஹலோ கூடக் கிடையாது.

"என்ன மெஷின்?"

"டிவிடி மெஷின்தான். பால் கறக்கிற மெஷின்லயா போடுவேன்?"

"என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. உன்ன மாதிரியே."

வைத்துவிட்டான். எத்தனை மாதம் கழித்து என்னோடு பேசியிருக்கிறான்!

பிப்ரவரி 6

அவன் மெஷின் மைனஸைத் தொடாதாம், பிளஸ்தான் வேண்டுமாம். கூடத்துக்கு நேர் எதிர். பிளஸில் எழுதி நானே எடுத்துப் போனேன். ஓடியது. ஃப்ரீதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பார்தி சிரிக்கவே இல்லை.

"நான் இப்படியா கத்துவேன்?"

"இதவிட மோசமா," என்றாள் அவள்.

மறுபடி போட்டான். கடைசிவரை பார்த்தான். பிறகு, "இருட்டுது, கிளம்பு" என்றான். என்ன அர்த்தம் அதற்கு? எல்லாம் வீண். ஒரு மாத உழைப்பு.

பிப்ரவரி 9

பார்தி கூப்பிட்டான். படத்தில் அவனாக நடிக்க நான் போட்டிருந்த தொப்பி அவன் தொப்பி மாதிரியே இல்லையாம். அடுத்த வருடம் அவனுடையதையே தருகிறானாம். அத்தனை பெரிய தலை எனக்கில்லை என்றேன். கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு வைத்தான்.