உன் பெயரில் வந்த நினைவூட்டல்

இன்று காலை மெர்கோங்கிலிருந்து உன் அம்மா அழைத்தார்.

"அவ பேர்ல மெசேஜ் வந்திருக்கும்மா. நாளைக்குக் காலையில டயாலிசிஸ்ஸாம். அவ போயிட்டான்னு உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார்.

கூலிம் அலுவலகத்தில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து டயாலிசிஸ் நிலையங்களுக்காக எழுதிய மென்பொருள் அது. பின்னாளில் உன் சிறுநீரகங்களே கைவிட்டு, அதில் நோயாளியாக உன் பெயரும் ஏறும் என்று யார் நினைத்தோம்? தேடிப் பார்த்தேன். இறந்தவர் என்று குறித்த பிறகும், பலருடைய பதிவின் கீழே வருங்காலச் சிகிச்சைச் சந்திப்புகள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. மாலையில் அடுத்த சுற்றுச் செய்திகள் கிளம்பிவிடும். இன்னும் எத்தனை அம்மாக்களின் கைப்பேசிக்கோ!

அழிக்கத்தான் வேண்டும். ஆனால் அழிப்பது என்றாலே சுங்கைப் பட்டாணி நிலையத்தின் அந்த முற்பகல்தான் ஞாபகம் வருகிறது. நம் நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் ஓ.ஆர்.எம். என்ற கருவி, பழைய சந்திப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது. வேறு யாரும் திறக்க முடியாதபடி அட்டவணை பூட்டிக்கொண்டது, திரை உறைந்தது. "பேஷண்ட் எல்லாம் காத்திருக்காங்கலா! யாரை எந்த மெஷின்ல போடறது?" என்று நர்ஸ் போனில் கத்தினார்.

நீ அதை நிறுத்தினாய். "ஒவ்வொருத்தரா கூப்பிட்டு அனுப்பாதடி. யாரோடது, எந்தத் தேதின்னு சொல்லி ஒரே கட்டளையா குடு. மிச்சத்தை டேட்டாபேஸ் பாத்துக்கும்" என்றாய். நான் விசையை அழுத்தப் போனபோது மணிக்கட்டைப் பிடித்தாய். "முதல்ல எண்ணிப் பாரு. நிபந்தனை தப்பாச்சுன்னா நாளைக்கு வரவேண்டியவங்க முறையும் போயிடும்லா."

இன்று சக ஊழியர் ஒருவர் சுருக்கு வழி சொன்னார். "பேஷண்ட் ரெக்கார்டையே டிலீட் பண்ணிடுங்க. கீழ இருக்கறது தானா போயிடும்." போகும்தான். சந்திப்புகளோடு உன் சிகிச்சை வரலாறும், மருத்துவர் எழுதிய குறிப்புகளும், உன் பெயரும் போய்விடும். முடியாது என்று தலையசைத்தேன்.

இறந்தவர்கள், இன்றைக்குப் பிந்தைய தேதிகள் என்று ஒரே கட்டளையாக எழுதிவிட்டு, அழிக்கும் முன் எண்ணினேன். இறந்தவர்கள் இத்தனை பேர் என்று நிலையங்கள் உறுதி செய்திருந்ததைவிட ஒருவர் கூடுதலாக வந்தார். பெயர்களை ஒப்பிட்டேன்; கோத்தா கோலா மூடா ஊர்க்காரர் ஒருவர். அவர் செல்லும் நிலையத்து நர்ஸை அழைத்துக் கேட்டேன்.

"ஐயோ, அவரு நேத்துகூட வந்தாரேலா! அதே பேர்ல இன்னொருத்தர்தான் தவறிட்டாரு."

யாரோ இவரையும் சேர்த்து இறந்தவராகக் குறித்திருக்கிறார்கள். அதைத் திருத்தச் சொல்லி, மறுபடி எண்ணி, சரியாக வந்த பிறகுதான் அழுத்தினேன். கண்ணிமைப்பதற்குள் முடிந்தது.

உன் அம்மாவை அழைத்து, இனி செய்தி வராது என்றேன்.

"அப்போ அவ பேரே அங்க இல்லையாம்மா?"

"இருக்கும்மா. பேரை அழிக்கல."

நாளை காலை கோத்தா கோலா மூடாவிலிருந்து அந்த மனிதர் கிளம்பி நிலையத்துக்கு வந்து, தன் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்துக்கொள்வார். என்ன நடக்க இருந்தது என்று அவருக்குத் தெரியாது. நீ போன பின்னும், அழிக்கும் முன் எண்ணச் சொல்லும் இந்தப் பயம் என்னோடு இருக்கிறது. இருக்கட்டும்.