அப்பா செய்த பொருத்தனை

மதுரை
11-6-1955

அன்புள்ள அப்பாவுக்கு லில்லியின் ஸ்தோத்திரம். அத்தை வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா?

நேரில் சொல்லத் தைரியம் வராமல்தான் பஸ் ஏறி வந்துவிட்டேன். டாக்டர் படிப்பு எனக்கு வேண்டாம் அப்பா. வகுப்புத் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. பெண்கள் கல்லூரியில் தாவரவியலுக்கு இடம் தருகிறார்கள். 27ஆம் தேதிக்குள் விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும், இத்துடன் வைத்திருக்கிறேன். நம் குரங்கணித் தோட்டத்தில் ஏலச்செடி இலை வரிவரியாக வெளுத்துச் சாகிறதே, ஏன் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. அதைத்தான் நான் படிக்க வேண்டும்.

கோபப்படாமல் படியுங்கள்.

உங்கள் மகள்,
லில்லி

போடி
14-6-1955

ஆத்தா லில்லி,

கோபப்படாமல் படி என்று கடைசியில் எழுதினால் எப்படி? அதற்குள் இரண்டு தரம் கத்தியாகிவிட்டது. கடையில் நின்ற முனியசாமி வெளியே ஓடிவிட்டான்.

முந்தாநாள்தான் நம் பாதிரி ஐயர் சபையில், "தானியேல் மகள் டாக்டருக்குப் படிக்கப் போவதற்காக ஸ்தோத்திரக் காணிக்கை" என்று வாசித்தார். இனி எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்?

அது கிடக்கட்டும். காய்ச்சலோடு உன் அம்மாவைக் குரங்கணியிலிருந்து டோலியில் தூக்கி வந்த அன்று, மலையடிவாரத்தில் முந்தல் வந்ததும் மூச்சு நின்றுவிட்டது. அந்த இடத்திலேயே, என் மகளை டாக்டராக்குவேன் என்று கர்த்தரிடம் பொருத்தனை பண்ணினேன். அவருக்குக் கொடுத்த வாக்கை நீ எப்படியம்மா மாற்றுவாய்? கையெழுத்துப் போட மாட்டேன். வெரசா கிளம்பி வா.

தானியேல்

மதுரை
17-6-1955

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவைப் பற்றிப் படித்ததும் அழுதுவிட்டேன். எட்டு வயதில் நம் தோட்டத்து ராக்கு அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அந்த டோலிக்குப் பின்னால் நானும் நடந்தேன்.

போடி ஆஸ்பத்திரியில் அன்று டாக்டர் இருந்தார் அப்பா. நாம்தான் போய்ச் சேரவில்லை. தூக்க ஆள் கிடைக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. நானே டாக்டராகி அங்கே உட்கார்ந்திருந்தாலும் அம்மாவைப் பார்த்திருக்க முடியாது.

இதை எழுதப் பயமாக இருக்கிறது. உங்கள் மனம் ஒப்பாவிட்டால் டாக்டர் படிப்புக்கே போகிறேன். உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

லில்லி

போடி
24-6-1955

என் செல்ல மகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்று முழுக்க உன்னை வைதேன். மறுநாள் என்னையே வைதுகொண்டேன். டோலிக்கு ஆள் தேடி வீடு வீடாக ஓடியவன் நான்தான். பத்து வருஷமாக, டாக்டர் இல்லாமல் செத்தாள் என்று சொல்லித் திரிந்திருக்கிறேனே!

ஐயரிடம் கேட்கலாம் என்று கிளம்பி, பாதி வழியில் திரும்பிவிட்டேன். பொருத்தனை பண்ணினது நான். செலுத்த வேண்டியதும் நான். இதற்கு ஐயர் எதற்கு?

அன்று நம்மிடம் ஜீப் இல்லை, இன்று இருக்கிறது. இனி அது குரங்கணியிலேயே நிற்கும். யாருக்குச் சீக்கு என்றாலும் ஏல மூட்டையை இறக்கிவிட்டு அவர்களை ஏற்று என்று டிரைவர் சுருளிவேலிடம் சொல்லிவிட்டேன். "அப்ப லோடு?" என்றான். "லோடு கெடக்கட்டும்டா" என்றேன். நேற்று தோட்டத்தில் வேலை செய்யும் அன்னக்கொடிக்குப் பிரசவ வலி எடுத்து, நானே கூட உட்கார்ந்து இறக்கி வந்தேன். முந்தலைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். போடும்போது அழுகை வந்தது, மறைக்கவில்லை. பொருத்தனையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ உன் படிப்பைப் படி, ஆத்தா.

அப்பா