ஓடுகிறவளுக்கென்று ஓர் உடுப்பு

என் அன்புப் பூரணம் மச்சாள்,

நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. உங்கள் தையல் மெசினுக்கு முன்னால் இருக்கிறேன், எழும்புகிறேன், முற்றத்துக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று என்னை இருக்கவிடுகிறதில்லை.

அண்ணனைக் கட்டி எங்கள் ஊரான தண்ணீரூற்றுக்கு வந்தபோது நீங்கள் கலியாணச் சட்டை தைக்கிறவர். நான் பள்ளிக்கூடத்தில் ஓடுகிறவள். ஒருநாள் பாவாடை காலில் சிக்கி விழுந்து, கை முறிந்து வீட்டுக்கு வந்தேன். “இனி ஓடாதை” என்றார் அம்மா. நீங்களோ அந்தப் பாவாடையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“பிழை பிள்ளையிலை இல்லை மாமி, உடுப்பிலைதான்.”

அண்ணனின் பழைய காற்சட்டையைப் பிரித்து, அதன் வெட்டைப் படித்தீர்கள். எத்தனை தரம் தைத்தீர்கள், எத்தனை தரம் பிரித்தீர்கள்! கை சுகமான பிறகு முல்லைத்தீவுப் போட்டிக்கு முழங்கால் வரை வரும் காற்சட்டையோடு போனேன். ஓடப் போகும் நேரத்தில் போட்டி நடத்திய பெரியவர் ஒருவர் மறித்தார்.

“உந்தக் கோலத்தோடை பொம்பிளைப் பிள்ளை ஓடேலாது. போய் மாத்திக்கொண்டு வா.”

நீங்கள் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தீர்கள். “ஐயா, நீங்கள் ஒருக்காப் பாவாடை கட்டி ஓடிக் காட்டுங்கோவன்!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. “நான் கேக்கேல்லை மச்சாள், நீங்கள்தான் போடச் சொன்னனீங்கள்” என்று சனம் கேட்கக் கத்தினேன். பாவாடைக்கு மாறி ஓடிக் கடைசியாக வந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அந்தக் காற்சட்டை எங்கை இறுக்கினது, பிள்ளை?”

“இடுப்பிலை” என்றேன். பொய் மச்சாள். அது எங்கும் இறுக்கவில்லை.

அடுத்த நாளே இடுப்பைத் தளர்த்தி, முன்னும் பின்னும் மடிப்பு வைத்தீர்கள். நின்றால் பாவாடை, ஓடினால் காற்சட்டை. மறுவருடம் நாலு பிள்ளைகள் அப்படித் தைத்த உடுப்போடு ஓடினார்கள். அதே பெரியவர் மறிக்கவில்லை. பொம்பிளைப் பிள்ளைகளுக்குக் காற்சட்டை தைக்கிறவர் என்று கலியாண வீட்டுக்காரர் உங்களைத் தேடி வருவதை விட்டார்கள். நீங்கள் வருடக்கணக்காக அளவு நாடாவோடு பஸ் ஏறிக் கிளிநொச்சி, வவுனியா, பூநகரி என்று பள்ளிக்கூடங்களுக்கு அலைந்தீர்கள். மழையில் நனைந்து வந்த காய்ச்சலிலும் படுக்காமல் தைத்தீர்கள். கடைசியில் அந்தக் காய்ச்சலே உங்களைக் கொண்டுபோனது.

என் பொய் உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துகொண்டுதானா அந்த மடிப்பை வைத்தீர்கள்? யாரிடம் கேட்பேன்?

நேற்று முஸ்லிம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்து ரீச்சர் வந்தார். “கால் மூடியிருந்தால் விளையாட விடுவம் எண்டு வாப்பாமார் சொல்லினம். தைப்பீங்களோ?” என்று கேட்டார். அப்படி ஒரு வெட்டு நீங்கள் அளவுகள் எழுதி வைத்த கொப்பியில் இல்லை. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

துணியை விரித்துவிட்டேன். முதல் உடுப்பு பிழைக்கும், பிரிப்பேன். இரண்டாவதும் பிழைக்கலாம். அந்தப் பிள்ளைகள் மைதானத்தில் இறங்கும்வரை விடமாட்டேன், மச்சாள்.

உங்கள் புருசனின் தங்கச்சி,
மலர்