மேனேஜர் திருந்தவில்லை

மார்ச் 4, செவ்வாய்

கடையில் ஒரே கூட்டம். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துத் தேய்த்துக் கை மரத்துவிட்டது. வீட்டுக்கு வந்து கதையோடு உட்காரலாம் என்றால், எழுதி வைத்த பக்கங்களின் மேல் மேனேஜர் கால் நீட்டிப் படுத்திருக்கிறார்.

பூனைக்கு அந்தப் பெயரை வைத்தது என் மகள், வாண்டு. "எல்லா ரூமுக்கும் போய் எட்டிப் பாக்குது, ஒரு வேலையும் செய்யறதில்ல. அப்ப மேனேஜர்தானப்பா?" என்றாள். ஏழு வயதில் இவ்வளவு உலக ஞானம் ஆகாது.

நான் எழுதுவது அந்த மேனேஜரின் அட்டகாசங்களைத்தான். பிள்ளைகளுக்கான சிரிப்புப் புத்தகம். பதிப்பகத்து அம்மா பாதியைப் படித்துவிட்டு மீதியைக் கேட்டிருக்கிறார். என் முதல் புத்தகம். வருமா? பார்க்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

ஒற்றைப் பையோடு அக்கா வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. மாமாவோடு என்ன சண்டை என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஃபேன் போடுவதற்குக்கூட "போட்டுக்கட்டுமா?" என்று கேட்கிறாள். எங்கள் வீட்டில் முதலில் கார் ஓட்டக் கற்றவள். என்னைப் பின்சீட்டில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றியவள். அவளா இவள்?

மேனேஜருக்கு ஆள் தரம் தெரிகிறது. அவளுடைய ஹேர்பின்களைக் கவ்விப் போய் என் ஷூவுக்குள் சேர்க்கிறார். அவள் மடித்து வைத்த துணிமேல்தான் படுக்கை. அவள் தண்ணீர் டம்ளரில் காலை முக்கி முக்கி நக்குகிறார். அக்கா திட்டுவதே இல்லை. "பரவால்ல, நான்தான் மூடி வெச்சிருக்கணும்" என்கிறாள். பூனையிடம் மன்னிப்புக் கேட்கிற மனுஷியை இப்போதுதான் பார்க்கிறேன்.

மார்ச் 10

தலையணை கிழிந்தது. வீடெல்லாம் பஞ்சு. அடுத்த அத்தியாயம் கிடைத்தது.

மார்ச் 15, சனி

மாமா போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். நிற்பது அவருக்குத் தெரியவா போகிறது? ஆனாலும் நின்றாள்.

நான் பக்கத்து அறையில் இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. "உன் குணத்தை மாத்திக்கறதா இருந்தா வா. இல்லேன்னா அங்கயே கெட." குரலை உயர்த்தவே இல்லை. சாமான் வாங்கி வரச் சொல்வதுபோலச் சொன்னார். போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேக்கணும்னு எழுந்துட்டேன். என்ன கேப்பேன்? வாசப்படியிலேயே நின்னுட்டேன்.

அதற்குள் மேனேஜர் மேஜைக்குத் தாவினார். போனை மோந்து பார்த்தார். அதன் மேலேயே நடந்தார். மாமாவின் குரல் பாதியில் நின்றது.

அக்கா பூனையைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் — அழுகிறாள் என்று நினைத்து ஓடினேன். சிரிக்கிறாள்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"வெச்சிடுச்சுடா! பேசிட்டிருக்கும்போதே வெச்சிடுச்சு! இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவைகூட முதல்ல வெச்சதில்லடா..."

போன் மறுபடி அடித்தது. அடித்து ஓயும்வரை மூன்று பேரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 2, புதன்

முழுக் கதையையும் போன வாரம் அனுப்பியிருந்தேன். பதிப்பகத்து அம்மா கூப்பிட்டார். "வாய் விட்டுச் சிரிச்சேங்க. ஆனா கடைசி வரைக்கும் பூனை திருந்தவே இல்லையே? பெத்தவங்க வாங்கணும்னா நல்லதா நாலு விஷயம் வேணாமா? அது தப்பை உணர்ற மாதிரி ஒரு அத்தியாயம் எழுதிக் குடுத்துடுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டேன், அதுவும் போனில்.

மனைவி ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்ததும் சொன்னேன். "எழுதறதா இருந்தா எழுதுங்க. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு எழுதாதீங்க, அவ்வளவுதான்" என்றாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுதிவிட்டேன். மேனேஜர் கண்ணீர் விடுகிறார், வீட்டில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார், ஒரு மூலையில் அடக்க ஒடுக்கமாக உட்காருகிறார். அக்காதான் வாண்டுவுக்குப் படித்துக் காட்டினாள்.

"இது வேற பூனை" என்று சொல்லிவிட்டு வாண்டு விளையாடப் போய்விட்டாள்.

அக்கா பக்கங்களைத் தட்டி நேராக்கிக்கொண்டே இருந்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா பயமா இருக்குடா."

"சிரிப்புக் கதைதானே அக்கா இது. என்ன பயம்?"

"யாருக்கும் தொந்தரவில்லாம மூலையில உக்காந்திருக்கே, அந்த மூலை எனக்குத் தெரியும். அங்கதான் நான் குடித்தனம் பண்ணினேன். என்னைத் திருத்தினது போதும்டா. இதையாவது விட்டுடு."

எப்படி எனக்கு இது தோன்றாமல் போயிற்று?

ஏப்ரல் 7

பதிப்பகத்து அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். "பூனை திருந்தாதுங்க. அப்படியே போடறதா இருந்தா போடுங்க." "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். கையிலிருந்ததை நானே தட்டிவிட்டேனோ?

ஏப்ரல் 21

பதிப்பகத்திலிருந்து மூச்சில்லை.

அக்கா என் பழைய காரை எடுத்துக்கொண்டு போனாள். கேட்கவில்லை, "எடுத்துட்டுப் போறேன்" என்று சொன்னாள். திரும்பி வரும்போது கேட்டில் உரசல். "பம்பர் கொஞ்சம் போச்சு" என்றாள், துளி வெட்கமில்லாமல். எனக்கும் கோபம் வரவில்லை. பம்பர் கிடக்கட்டும்.

மே 19, திங்கள்

கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தபோது போன். பதிப்பகத்து அம்மா! ஒரு பள்ளிக்கூடத்தில் கதையைப் படித்துக் காட்டினாராம். "ஒரு பிள்ளைகூட அது திருந்துச்சான்னு கேக்கலைங்க. அடுத்து என்ன பண்ணும்னுதான் கேட்டுதுங்க. நீங்க எழுதினபடியே போட்டுடறேன்."

சந்தோஷத்தில் பெரியவருக்குக் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். அவரும் சிரித்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

புத்தகம் போன வாரம் வந்தது. இன்று வாண்டுவின் பள்ளிக்கூடத்தில் நான் படிக்க வேண்டும்.

போவது அக்காவின் வேனில். பள்ளி வேன் ஓட்ட ஆரம்பித்து ஒரு மாதமாகிறது. பக்கத்துத் தெருவில் மாடி அறை ஒன்றும் பிடித்துவிட்டாள். மாமாவோடு இனி வக்கீல்தான் பேசுவார். நேற்றே எச்சரித்துவிட்டாள்: "ரெடியா நிக்கணும். எழுத்தாளர்னுட்டு வேன் காத்துக்கிட்டு நிக்காது."

நான் இன்னும் சட்டைக்குப் பொத்தான் போடவில்லை. வாண்டு எப்போதோ ஓடிப்போய் வேனில் ஏறிவிட்டாள். ஹாரன் விடாமல் அடிக்கிறது. வேன் நிறையப் பிள்ளைகள் போடும் கூச்சலையும் மீறி அக்காவின் குரல், தெரு முழுக்க:

"வர்றியா, நான் கிளம்பட்டுமா?"

விட்டுவிட்டுப் போனாலும் போய்விடுவாள். ஓடுகிறேன்.